இரண்டரை முழக் கார்

மோதிரத்தைக் கழற்றி முன்பற்களுக்கிடையே கவ்விக்கொள்கிறார். இடது கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, வலது கையைக் கதவுக்கு வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்துக்கொள்கிறார். கார் முதல் கியரில் மெல்ல நகர்கிறது. விரல்களுக்கு அந்தப் பக்கம் தறியில் ஏறப்போகும் எண்பது முழ நூல் பாவு, கஞ்சி ஈரத்தோடு மூங்கில் கால்களின் மேல் விரிந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் வீட்டுச் சுவர்கள். நடுவிலே இருக்கிற சந்தில்தான் போக வேண்டும். காற்றில் பாவு அசைந்தால் காரில் உரசக் கூடாது, தம் கையில் உரசிக்கொள்ளட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மோதிரத்தில் இழை மாட்டிவிடும் என்பதால் அது வாய்க்குள் போய்விடுகிறது.

சென்னியப்ப முதலியாரை ராசிபுரம் கிழக்குத் தெருவில் தினமும் காலை ஏழு மணிக்கு இந்தக் கோலத்தில் பார்க்கலாம். தெருமுனையில் உள்ள தபால் ஆபீஸில் நான் போஸ்ட்மாஸ்டர். காலையில் தபால் பை வரும்வரை எனக்கு வேறு வேலை கிடையாது; ஆகவே பதினோரு வருஷமாகப் பார்த்துவருகிறேன். தெருவின் கடைசி வீடு அவருடையது. சேலத்தில் நூல் வாங்கி வந்து தெருக்காரர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் நெய்து தரும் சேலைகளை நாமக்கல் வரையில் உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். ஒல்லியான தேகம், காதில் கடுக்கன், முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்ட சட்டை. வயது ஐம்பத்திரண்டு என்று அவரே சொன்னார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார்.

தெருவுக்குள் அவர் ஹாரன் அடிப்பதில்லை. பாவின் இரு பக்கமும் இரண்டு பேர் ஒரே தாளத்தில் கஞ்சி தடவும் தூரிகையை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். திடுக்கிட்டால் இழை அறுந்துவிடும். அதனால் முதலியார் இருமுவார். மோதிரத்தைக் கவ்விய வாயால் "ம்க்கும்" என்று ஒரு தரம். தெரு ஒதுங்கிக்கொள்ளும். பழக்கம் முற்றிப்போய், சேலம் பெரிய ரோட்டில் எதிரே மாட்டு வண்டி வந்தால்கூட முதலில் இருமிவிட்டு, அப்புறம்தான் ரப்பர் ஹாரனை அமுக்குகிறார்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமையில் செய்த குட்டிக் கார். வாங்கின அன்று அது நீலமா பச்சையா என்பதில் தெருவில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கதவு நூல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. மேல் துணி கிழிந்த இடத்தில் சிவப்புக் கரைச் சேலைத் துண்டை ஒட்டுப் போட்டிருக்கிறார். கரை வெளியே தெரிகிற மாதிரிதான் தைத்திருக்கிறார். ஆனால் ஹாண்டிலைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கிளம்பிவிடும். மூன்றாவது சுற்று இதுவரை தேவைப்பட்டதில்லை. போன ஐப்பசியில் பனமரத்துப்பட்டி ரோட்டில் இரண்டு பஸ்கள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. அன்றும் இது நூல் மூட்டைகளோடு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தது. பாவோடு பாவாகப் போய் வருவதால், தறியில் குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற கட்டையின் பேரால், தெருவில் இதற்கு 'நாடா' என்று பெயர்.

முதலியாருக்கு உலகத்தில் எல்லாமே முழக்கணக்கு. கிணற்றின் ஆழம், கோயில் கொடிமரம், என் ஆபீஸ் மேஜை எல்லாவற்றையும் முழங்கை வைத்து அளந்து சொல்லியிருக்கிறார். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கண்ணாலேயே அளந்துவிட்டு என் காதில், "நாலு மொளமுங்க, மேல ரெண்டு வெரக்கடை" என்றார். சரியாகத்தான் இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தை மாதம் வசந்தாமணிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சண்முகவேல், தறிகள் நிறைந்த குமாரபாளையத்துப் பையன். இப்போது சேலத்தில் ஒரு பாங்கியில் குமாஸ்தா. பாண்ட் போடுகிறவர், கைக்கடிகாரம் கட்டுகிறவர். அவரை அந்தக் குட்டிக் காரில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். இரண்டு முழங்காலும் முகவாய்க்கு வந்துவிட்டன. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "சேலையாட்டம் மடிச்சுல்ல வெச்சிருக்காங்க!" என்று உரக்கச் சொல்ல, பந்தலே சிரித்தது. முதலியாரின் மனைவி முத்தாயம்மாள் உள்ளே போய் அழுதாள். அந்தப் பேச்சு அன்றோடு நிற்கவுமில்லை. மாமியார் வீட்டில் யாராவது சேலை மடித்தால் இன்றும் வசந்தாமணியைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம்.

"தறிக்குழியிலயாச்சும் காலத் தொங்கப் போட்டுட்டு ஒக்காரலாம். உங்க கார்ல அதுக்கும் வழியில்லீங்க" என்றாள் முத்தாயம்மாள். "தலை ஆடிக்கு மாப்பளயக் கூட்டியாரோணும். மறுக்கா இந்த வண்டியிலயே கூட்டியாந்தீங்கன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

எங்கள் பக்கத்தில் ஆடி முதல் தேதி தேங்காய் சுடுகிற நோன்பு. புது மாப்பிள்ளை இல்லாமல் அந்தத் தேங்காய் வேகாது. முதலியார் யோசித்தார். "எனக்கும் ஆசையில்லாம இல்லீங்க போஸ்ட்மாஸ்டரே. மழையில நனையாமப் போற வண்டி யாருக்குங்க கசக்கும்?" என்றார் என்னிடம். அதைவிடப் பெரிது மகளின் முகம். அவள் பிறந்த வீட்டைச் சொல்லி ஒருவர் சிரிப்பது அவருக்குத் தாங்கவில்லை.

சேலத்துக்குப் போய் ஒரு புதுக் காரைப் பார்த்தார். மோட்டார் கம்பெனி முற்றத்தில் குனிந்து, முழங்கையை வைத்து வைத்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் அளந்தாராம். ஒன்பது முழம். வீட்டுக்கு வந்து கார்க் கொட்டகையை அளந்தார். ஏழரை முழம்தான் இருந்தது. மறுநாளே பின்சுவரை இடித்து இரண்டு முழம் தள்ளிக் கட்டினார். சுண்ணாம்பு அடித்து, வாசலில் மாவிலை கட்டி, ஆனி மாதத்தில் நல்ல நாளும் பார்த்தாயிற்று. கார் வீடு வந்து சேர்ந்தபிறகுதான் பணம் என்று பேச்சு.

அன்று காலை எட்டு மணிக்கு என் ஆபீஸ் வாசலில் அந்தக் கார் வந்து திரும்பியது. கறுப்பாகப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. கம்பெனி ஆள் மணியன் ஓட்டிவந்தான். பக்கத்தில் முதலியார், புதுச் சட்டை. தெருக்கோடியில் முத்தாயம்மாள் ஆரத்தித் தட்டோடு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. தெருவில் வழக்கம்போல் பாவு. கார் நின்றது.

முதலியார் இறங்கினார். பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். குனிந்து சந்தின் குறுக்கே முழம் போட்டார், மூன்று. காரின் முன்பக்கத்தில் போட்டார், மூன்றரை. மறுபடியும் ஒரு தரம் போட்டார். கை மாறினாலும் கணக்கு மாறவில்லை.

"என்ன முதலியாரே?" என்று கையில் முத்திரைக் கட்டையோடு வெளியே வந்தேன்.

"அகலத்தக் கேக்கவே இல்லீங்க" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. "சேலைக்கு அகலம் அச்சுலயே வந்துருதுங்க. அதை யாரும் கேக்கறதில்ல. முப்பது வருசமா நீளத்த மட்டுந்தான் கேட்டுப் பழக்கம். நம்ம நாடா ரெண்டரை மொளமுங்க, சந்துல அடங்கிருச்சு."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். சேலையின் அகலம் தறியில் உள்ள அச்சுச் சீப்புக்குள் அடங்கிவிடுகிறது. வியாபாரி நீளத்தைத்தான் கேட்பான். அதற்காக மோட்டார் காரையும் அப்படியே வாங்கப்போன மனிதர் இந்த ஜில்லாவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சிரித்துவிட்டேன்.

மணியனுக்குப் பொறுமையில்லை. "பாவக் கொஞ்சம் அந்தண்ட தள்ளிப் போடச் சொல்லுங்க மொதலாளி. உங்க நூலுதானுங்களே?"

"நூலு என்னுதுதானுங்க. பாவு அவிங்களுது" என்றார் முதலியார்.

அதற்குள் பாவுக்குச் சொந்தக்காரி கந்தம்மாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க வாங்க சாமி! பத்துப் பேரு சேந்து தூக்கிப் புடிச்சுக்கறோம்" என்று குரல் கொடுத்தாள். சொன்ன கையோடு வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து மூங்கில் கால்களைப் பிடித்துவிட்டார்கள். ஈரப் பாவைத் தூக்கினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். நாலு வீட்டுக்காரர்களின் காலை வேலை பாழ். அது கந்தம்மாளுக்குத் தெரியாததல்ல. நூல் கொடுக்கிறவரின் புதுக் கார் வாசலில் நிற்கும்போது வேறு என்ன செய்வாள்?

முதலியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். "ஐயோ, ஈரப் பாவுல கை வெக்காதீங்க! கந்தம்மக்கா, உடுங்க, உடுங்க!" அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மூங்கில் கால்களை எல்லாரும் விட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. புதுக் கார் பின்வாங்கியே பெரிய ரோட்டுக்குப் போயிற்று. தெருக்கோடியில் கர்ப்பூரம் காற்றில் அணைந்துவிட்டது. முத்தாயம்மாள் தட்டோடு உள்ளே போனாள்.

மூன்று நாள் முதலியார் என் ஆபீஸ் முக்காலியில் வந்து உட்கார்ந்து யோசித்தார். நானும் யோசனை சொன்னேன். காரை என் ஆபீஸ் வளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். "அப்பறம் நூல் மூட்டையெல்லாம் யாருங்க தெருக்கோடி வரைக்கும் தூக்கறது?" ஒன்பது மணிக்குமேல், பாவு எடுத்தபிறகு கிளம்பலாமே என்றேன். "அதுக்குள்ள சேலத்துல நல்ல நூலெல்லாம் போயிருமுங்க." பிறகு விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாங்கூடச் சமாளிச்சுக்கலாமுங்க. நான் அந்தக் காரை வாங்கிட்டேன்னு வெய்யுங்க. நாளைக்கு நான் வாரேன்னு தெரிஞ்சாவே அவிங்க பாவ எடுத்துருவாங்க. நான் சொல்லாமயே எடுத்துருவாங்க. அதுதானுங்க எனக்குப் பயம். அந்தப் பக்கம் பாத்தா, புள்ள மொகம்."

எனக்கு அந்த மனிதர்மேல் அன்று மிகுந்த பிரியம் உண்டாயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல் தபால் பை வந்துவிட்டதாகப் பாவனை செய்தேன்.

நாலாம் நாள் மணியனுக்குக் கார்டு போட்டார். வேண்டாம் என்று ஒரு வரி. எழுதின பிறகு ஒரு தடவை படித்து, என்னிடம் கொடுத்து முத்திரை குத்தச் சொன்னார்.

முத்தாயம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் தறி செய்கிற ஆசாரியை அவளே கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். "முன் சீட்ட ஒரு சாண் பின்னால தள்ளுங்க. நானும் புள்ளயும் ஒருக்களிச்சு ஒக்காந்துக்கறோம்" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "மாப்பள காலு எந்த மட்டுக்கு வரும்னு இப்பவாச்சும் சரியா அளந்து சொல்லுங்க" என்றாளாம். முதலியார் அளந்தார். முகவாய்க்கு வந்தது இனி நெஞ்சுக்கு வரும் என்றார். அவளுக்கு அது போதவில்லை. வேறு வழியும் இல்லை. தள்ளிக் கட்டின கொட்டகையில் இப்போது நூல் மூட்டைகள் இருக்கின்றன. நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்று முதலியார் போகிறவர் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

ஆனி கடைசி நாள். மனைவியோடு விடியலிலேயே சேலத்துக்குப் போய் மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எட்டரை மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிட்டார். மறுநாள் நோன்பு என்பதால் தெருவில் வேலை மும்முரம். ஆடிக் காற்று ஒரு நாள் முன்னதாகவே வந்து பாவை ஆட்டிக்கொண்டிருந்தது. கந்தம்மாள் தூரிகையை நிறுத்திவிட்டுக் காரையே பார்த்தாள்.

உள்ளே போகும்போது பாவு இடது பக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை. முழங்கால்கள் நெஞ்சுக்கு நேராக நின்றன. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த முத்தாயம்மாள் அந்த முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முதலியார் காரை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் மோதிரம் ஏற்கெனவே பல்லுக்கிடையே போய்விட்டது. இடது பக்கத்துக்கு அவர் கை எட்டாது. மாப்பிள்ளையிடம் எதையோ சொல்லத் திரும்பினார். "ம்க்கும்" என்றுதான் வந்தது.

சண்முகவேல் ஆடுகிற பாவை ஒரு கணம் பார்த்தார். இடது மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முழங்கையைக் கதவின்மேல் ஊன்றி, கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்துப் பாவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.