இரண்டு விரல் இடதுபுறம்

1. ஜனவரி 6 தேதியிட்ட கடிதம்

"விடுதி மேலாளர் அவர்களுக்கு. தங்கள் விடுதி மூலம் டிசம்பர் 28, 29 தேதிகளில் நடந்த நடைப் பயணத்தில் குடும்பத்துடன் கலந்துகொண்டேன். முதல் நாள் ஊர் நடை திருப்தி. இரண்டாம் நாள் பெருமாள் மலை உச்சியில் தங்கள் கைடு சமவெளியில் நிற்கும் ஒரு பாறைக் கரட்டைச் சுட்டிக்காட்டி, அதுதான் பழனி மலை என்றார். நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவன். ஐம்பத்தாறு வயதாகிறது. அங்கேயே கடை வைத்திருக்கிறேன். அது எங்கள் மலை இல்லை. பெருமாள் மலையிலிருந்து பழனி மலை தெரியவும் தெரியாது. நடுவில் வேறு மலை மறைக்கிறது. தெரியாததைத் தெரியும் என்று பலகையில் எழுதி வைப்பது முறையல்ல. அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இப்படிக்கு, தண்டபாணி, பஞ்சாமிர்தக் கடை, அடிவாரம், பழனி."

இந்தக் கடிதத்தை ஜனவரி 9 காலை விடுதி மேலாளர் கிளாடிஸ் என் கையில் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து என் நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டேன். கைடு வேலைக்கு வந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு நோட்டு என்று பதினேழு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தேதி, எத்தனை பேர், பனிமூட்டம் எத்தனை மணிக்கு ஏறியது, என்னென்ன தெரிந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

"அண்ணே, நீங்க காப்பி எழுதுறது இருக்கட்டும்," என்றார் கிளாடிஸ். "இவரு அடுத்த லெட்டர ஓனருக்குப் போட்டுட்டா நான் என்ன ஆன்சர் பண்றது? பழனி தெரியுமா தெரியாதா? யெஸ் ஆர் நோ சொல்லுங்க."

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

நோட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

2. எங்கள் நடை

கைடு வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுவதால் எங்கள் நடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேன்காரர்கள் கொடைக்கானலைப் பன்னிரண்டு பாயிண்ட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாயிண்ட்டுக்குப் பத்து நிமிடம். இறங்கு, பார், போட்டோ எடு, ஏறு. நான் அதற்கு எதிராக ஆரம்பித்தது இரண்டு நாள் நடை. பழனி மலைத்தொடருக்கு ஒரு தலைநகர் உண்டென்றால் அது கொடைக்கானல்தான். முதல் நாள் அந்தத் தலைநகர். ஏழு ரோடு சந்திப்பில் தொடங்கி, சந்தையில் வில்பட்டி கேரட்டும் கவுஞ்சிப் பூண்டும் வந்து இறங்குவதைப் பார்த்து, பழைய தேவாலயங்கள் வழியாக ஏரிக்கு வருவோம். மலைவிளிம்பில் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் முடிப்போம். மறுநாள் பக்கத்தில் உள்ள பெருமாள் மலை. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு விடிவதற்கு முன் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் உச்சி.

விடுதி வரவேற்பறையில் இதற்கென்று ஒரு பலகை. இரண்டாம் நாளுக்கு நேரே, "உச்சியிலிருந்து பழனி மலைக் காட்சி" என்று நானே சொல்லி எழுத வைத்த வரி. மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தார்கள். மலை உச்சியில் நின்று முருகன் மலையைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்கலங்கி இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் பதினேழு நோட்டையும் பாயில் பரப்பினேன். "பழனி தெரிந்தது" என்று இருநூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதியிருந்தேன். தண்டபாணி குடும்பம் வந்த டிசம்பர் 29-க்கு நேரேயும் "வானம் தெளிவு. பழனி தெரிந்தது. கடைக்காரர் 'அப்படிங்களா' என்றார்" என்று இருந்தது. அது பழனிதான் என்று எப்படித் தெரியும் என்பதை மட்டும் எங்குமே எழுதவில்லை. முதல் நோட்டில், நான் முதன்முதலாக உச்சிக்கு ஏறிய நாளில், கூட்டிப்போன விறகுவெட்டி சொன்னது இருந்தது: "அந்தா கெடக்குல்ல ஒத்தைக் கரடு, அதான் பழனி." அவ்வளவுதான். தேவாலயத்துக் கல்வெட்டில் உள்ள வருடத்தைக்கூட இரண்டு புத்தகத்தில் ஒத்துப் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன். அப்படிப்பட்ட நான், ஒரு மலையை விசாரிக்காமல் பதினேழு வருடம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் கிளாடிஸிடம் உள்ளதைச் சொன்னேன்.

"நிரூபிங்க அண்ணே," என்றார். "முடியலேன்னா செகண்ட் டேயையே போர்டுலேர்ந்து எடுத்துடுவேன். சாரி. அந்த லைன் இல்லாம அந்த மலைய யாரும் ஏற மாட்டாங்க."

என் வேலையில் பாதி அந்த மலை. சரி என்று வந்துவிட்டேன்.

3. செண்பகம் அம்மாவின் யோசனை

ஜனவரி 11 மாலை தண்டபாணிக்குப் போன் போட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றே நினைத்துவிட்டார்.

"கைடு சார், ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க. ஆனா கண்ணுல பட்ட கரட்டையெல்லாம் முருகனாக்கிப்புட்டா எப்படிங்க? நான் தெனம் வெள்ளனே கடை தொறக்கிறப்ப அந்த மலையப் பாத்துத்தான் தொறக்கிறேன். எங்க மலை எனக்குத் தெரியாதா?"

"அடிவாரத்துலேர்ந்து பார்க்கிறீங்க. மேலேர்ந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும்."

"எங்கிட்டிருந்து பாத்தாலும் எங்க மலை எங்க மலைதாங்க."

இதே வாதம் கால் மணி நேரம் போனது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அவர் மனைவி செண்பகம்.

"அந்தப் போனைக் கொண்டாங்க இங்க. ஏவாரத்த விட்டுப்புட்டு அந்த மனுசன்கிட்ட என்ன மல்லுக்கட்டு? சார், நான் சொல்றேன் கேளுங்க. நான் ஒரு கண்ணாடிய எடுத்துக்கிட்டுப் பழனி மலை மேல நிக்கிறேன். ஒங்க பக்கம் வெயிலடிக்கிறேன். இவரைக் கூட்டிக்கிட்டு நீங்க அங்கன நில்லுங்க. மினுக்குனா எங்க மலை தெரியுது. மினுக்கலேன்னா தெரியல. அதோட இவரு வாயை மூடிக்கிட்டுச் சோலியப் பாக்கட்டும்."

பதினேழு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை.

ஒரு சிக்கல் இருந்தது. பழனி மலை மேல் செல்போன் கொண்டுபோக முடியாது. கீழேயே ஒப்படைக்க வேண்டும். ஆகவே உச்சியில் நிற்கும் நாங்கள் அவரிடம் எதுவும் கேட்க முடியாது. எல்லாம் கடிகாரத்தை வைத்துத்தான். இன்னொரு சிக்கலையும் அவரே சொன்னார்.

"பெருமாள் மலை எதுன்னு எனக்குத் தெரியாதே சார். அங்கிட்டு வரிசையா மலையாவுல்ல நிக்குது."

அதனால் இப்படி ஏற்பாடு செய்தோம். சரியாக ஒன்பதரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. தெற்கே தெரியும் மலைத்தொடரின் இடது ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு முகடாக, முகட்டுக்கு மூன்று மினுக்கல். வலது ஓரம் போனதும் மறுபடி இடதிலிருந்து. இடது கையை நீட்டி இரண்டு விரலை விரித்து, முகட்டை விரல்களுக்கு நடுவே வைத்து, கண்ணாடி வெளிச்சத்தை விரல்மேல் விழச் செய்தால் குறி தப்பாது என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் அடித்துப் பழகினாராம். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

4. ஜனவரி 19, காலை 9.30

தண்டபாணி முந்தின மாலையே வந்து தங்கினார். இரவு மனைவியிடம் போனில் பேசி இரண்டு வாட்ச்சையும் ஒரே நொடிக்கு வைத்துக்கொண்டார்கள். நடுவராக கிளாடிஸ். ஆறு வருடமாக அந்தப் பலகையின் கீழ் உட்கார்ந்திருப்பவர், பெருமாள் மலையில் அன்றுவரை கால் வைத்ததில்லை.

பாதி ஏற்றத்தில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, நான் இங்கேர்ந்தே ஜட்ஜ்மென்ட் குடுத்துடறேன்."

"எந்திரிங்கம்மா, வெரசா," என்றார் தண்டபாணி. தினமும் பழனிப் படியேறுகிற கால், மூச்சே வாங்கவில்லை. "நான் ஜெயிக்கிறதப் பாக்க ஆள் வேணும்ல?"

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு உச்சியில் இருந்தோம். வானத்தில் ஒரு பிசிறு மேகம்கூட இல்லை. வடக்கே மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, சமவெளியில் சாம்பல் நிறத்தில் கரைந்தன. நான் வழக்கமாகக் காட்டும் ஒற்றைக் கரடு அங்கேயே இருந்தது.

ஒன்பதரை. நான் பைனாகுலரை அந்தக் கரட்டின்மேல் வைத்தேன். தண்டபாணி கையைக் குவித்துக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். கரடு கரடாகவே இருந்தது. பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அதன்மேலேயே வைத்தேன்.

"விட்டுருங்க சார்," என்றார் தண்டபாணி. குரலில் ஏளனம் இல்லை; அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அந்தக் கரட்டுல முருகனும் இல்ல, எம் பொண்டாட்டியும் இல்ல."

ஒன்பது முப்பத்தேழுக்கு கிளாடிஸ் கத்தினார்.

"அங்க! அங்க என்னமோ பளிச்சுனுச்சு!"

"எங்க மேடம்?"

"நீங்க பாக்குற இடத்துல இல்ல அண்ணே. லெஃப்ட்ல. ரெண்டு விரல் தள்ளி."

பைனாகுலரில் ஒரு இடத்தைப் பார்த்தால் பக்கத்து இடம் தெரியாது. கையில் பைனாகுலர் இல்லாததால் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். கையை நீட்டினால், கரட்டுக்கு இடதுபுறம் இரண்டு விரல் தள்ளி, இன்னும் குட்டையாக, வெளுத்த நிறத்தில் ஒரு மேடு. நான் அதுவரை அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

"ஏதாச்சும் தகரக் கூரையா இருக்கும்," என்றார் தண்டபாணி. ஆனால் அவரும் அங்கேதான் பார்த்தார்.

தகரக் கூரை தொடர்ந்து மின்னும். அது மின்னவில்லை. செண்பகம் அம்மா வலது ஓரம்வரை போய்த் திரும்பி வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு வந்தது. ஊசிமுனை அளவு, ஆனால் கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம்.

"ஒண்ணு," என்றார் தண்டபாணி.

அணைந்து, மறுபடி.

"ரெண்டு."

மூன்றாவது வந்ததும் எண்ண மறந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார். "அடியே செம்பகம்! இந்தா இருக்கேன்! இங்கிட்டு இருக்கேன்!" இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்பதுபோல் கத்தினார். பிறகுதான் நினைவு வந்தவராக இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "அரோகரா!" என்றார். கிளாடிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வாட்ச்சைப் பார்த்து நேரத்தை எழுதினேன்.

அதன்பின் தண்டபாணி பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"சார், மறைக்குதுன்னு நான் எழுதுனது தப்பு. எங்க மலை நல்லா தெரியுது. ஆனா நீங்க காட்டுனதும் தப்பு. அந்தக் கரடு என்னான்னு தெரியுதுங்களா? இடும்பன் மலை. பக்கத்துல ஒசரமா நிக்கிறதால அதுதான் மொதல்ல கண்ணுல படுது."

பதினேழு வருடம் எத்தனை பேரைத் தப்பான மலையைக் கும்பிட வைத்தேன் என்று நினைத்ததும் முகம் வாடியிருக்க வேண்டும். அவர் என் தோளில் தட்டினார்.

"அதுக்கு ஏன் சார் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? இடும்பனக் கும்பிட்டுட்டுத்தானே முருகனக் கும்பிடணும்? முறையாத்தான் செஞ்சிருக்கீங்க. பாதிதான் ஆச்சு, அம்புட்டுதான்."

மலையிலிருந்து நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, செண்பகம் அம்மா அடிவாரத்தில் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூப்பிட்டார். "தெரிஞ்சுதா இல்லையா? கை கடுக்குது. சுத்தி நின்ன சனமெல்லாம் நான் என்னமோ பரிகாரம் செய்றேன்னு நெனச்சிருச்சு. ஒரு கெழவி எங்கிட்ட வந்து, எத்தனை நாள் செய்யணும் தாயின்னு கேக்குது!"

5. பலகை

விடுதிப் பலகையில் அந்த வரி ஜனவரி 20 அன்று மாறியது: "உச்சியிலிருந்து இடும்பன் மலை, பழனி மலைக் காட்சி." கிளாடிஸ் தானே எழுதினார். தண்டபாணியின் இரண்டாவது கடிதம் பிப்ரவரி 2 தேதியிட்டது. "என் கண்ணால் பார்த்தேன், என் மனைவியைப் பார்த்தேன்" என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை விடுதியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவர் கடைக்கு வரும் பக்தர்களிடம் மலையைக் காட்டி, மேலே போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறார். அந்த வருடம் மார்ச்சுக்குப் பிறகு இரண்டாம் நாள் நடைக்கு ஆள் போதாமல் எந்த வாரமும் நின்றதில்லை.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். விருந்தாளிக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது, இது எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி எழுதிவிட்டால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. உங்களை மறுத்துப் பேசுகிறவரை விட்டுவிடாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு மலை ஏறுங்கள். இப்போது என் நோட்டில் "எப்படித் தெரியும்" என்று கோடு கிழித்துக் கூடுதலாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்.

அந்தப் பத்தியில் இன்னும் காலியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. கார்த்திகை அன்று பழனி மலையில் ஏற்றும் தீபம் பெருமாள் மலை உச்சியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்று பெருமாள் மலை ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். இருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, கேட்டதாகத்தான் சொன்னார்கள். பொழுது சாய்ந்தபின் உச்சியில் இருக்க எனக்கு அனுமதி கிடைத்ததில்லை. எனவே இது இன்றுவரை சரிபார்க்கப்படாத செய்தி. என் நடையில் இதை நான் சொல்வதில்லை.