கொங்கிறீட்டில் போட்ட துளைகள்

மின்வெட்டு நீண்டுகொண்டே போன யுத்தக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்தேன். பின்னேரத் தையலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஒரு சோலார் தகடும் பற்றரியும் வாங்கினோம்.

ஆனால் தகட்டை ஓரிடத்தில் நிலையாகப் பூட்டவில்லை. கனடா விசா எப்போது வந்தாலும் புறப்படவேண்டுமே! காலையில் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், மோர்மிளகாய் காயவைப்பதுபோல் வெயிலில் வைப்பேன். அதன் நீலத்துக்குள் கடல் மேகங்கள் மிதக்கும். நானும் அவற்றோடு மிதந்துபோய், பெயர் தெரியாத ஏதோ ஊரில் இறங்குவேன்.

ஒருநாள் வீட்டுக்கார ஆன்ட்டி உடுப்புக் காயப்போட வந்தார். முஸ்லிம் மனுசி, அதிகம் பேசமாட்டார்.

“ஏன் புள்ள, இதத் தூக்கிட்டே திரியிறீங்க? எவ்வளவு காலம் உழைக்கும்?”

“இருபது வருசத்துக்கு மேலயாம், ஆன்ட்டி.”

“அப்ப பூட்டிவைங்களே.”

“கொங்கிறீட்டில ஓட்டை போடவேணும்...” என் குரல் இறங்கிவிட்டது. கொழும்பில் முன்பு நாங்கள் இருந்த எந்த வீட்டிலும் கலியாணப் படத்துக்கு ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விட்டதில்லை.

“போடுங்க. மழைக்கு முந்திப் போடுங்க.”

மறுநாள் துளைபோடும் இரைச்சலில் கட்டடமே அதிர்ந்தது. சீமெந்துத் தூள் வெண்புகையாய் எழுந்தது. ஆன்ட்டி முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னும் ஆழமாப் போடுங்க, காத்துக்கு அசையக்கூடாது” என்றார்.

விசா பிறகு வந்தது, போகவும் போனோம். ஆனால் துளைபோட்ட அன்று பின்னேரம், பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடந்த கலியாணப் படத்தை எடுத்து, ஆன்ட்டி தந்த ஆணியில் மாட்டினேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபிறகு, வரப்போகும் வருசங்களை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனது அன்றுதான்.