மகளின் பெயருக்கு வந்த பூக்கள்

எங்கள் முன்னறையில் சுவருக்குச் சுவர் கட்டிய நைலோன் கயிற்றில் பத்து வாழ்த்து அட்டைகள் தொங்கின. பத்திலும் ஆஸ்திரேலியக் காட்டுப் பூக்கள். போத்தல் கழுவும் தூரிகை போல ஒன்று, மஞ்சள் பஞ்சுருண்டைகளாக ஒன்று, சிவப்பிதழுக்கு நடுவே கறுப்புக் கண் வைத்தது ஒன்று. கிறிஸ்து பிறப்புக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, வருடம் ஒன்றாக என் கணவர் அனுப்பியவை. நத்தார் முடிந்ததும் மற்ற வீடுகளில் கயிற்றை அவிழ்ப்பார்கள். நான் அவிழ்ப்பதில்லை. அலுப்புத்தான், அடுத்த வருடமும் கட்டத்தானே வேண்டும்.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து கற்பிட்டிப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். சண்டை முடிந்து மூன்று வருடம் கழித்து அவர் இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேறினார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அங்கே அவருக்குக் கிடைத்தது தற்காலிக விசா, குடும்பத்தைக் கூப்பிட முடியாது. நான் காலையில் முன்பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு, பின்னேரம் வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிற்பேன். வருடங்கள் அப்படியே போயின.

ஒருவழியாக நிரந்தர விசா கிடைத்தது. இனி எங்களைக் கூப்பிடலாம். ஆனால் இத்தனை காலமும் நாங்கள் புருசன் பெண்சாதியாகவே இருந்தோம் என்று காட்ட வேண்டும்.

"இஞ்சாரும், நான் போட்ட காட் எல்லாம் இருக்குத்தானே? உமக்கு நான் எழுதினதுகளைத்தான் லோயர் கேக்கிறார்" என்றார் தொலைபேசியில்.

மகளும் நானும் அட்டைகளை இறக்கித் தூசு தட்டி, ஒவ்வொன்றாக விரித்தோம். 'அன்பு மகளுக்கு' என்று தொடங்கியது முதலாவது. இரண்டாவதும் அப்படியே. பத்தும் அப்படியே. கடைசி வரி மட்டும், 'அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.' கடித உறைகளிலும் மகளின் பெயர்தான்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். நாலு பேர் கைபட்டு வரும் கடிதத்தில் பெண்சாதியின் பெயரை எழுத ஆண்களுக்கு வெட்கம். பிள்ளைக்கு எழுதுவார்கள், பெண்சாதி வாசிப்பாள். மீன்பிடிக்க வெளியூர் மீன்வாடிக்குப் போய்த் தங்கிய இடத்திலிருந்து அவருடைய அப்பாவும் அப்படித்தான் எழுதுவாராம். பத்து வருடமும் அந்த ஒற்றை வரி எனக்குப் போதுமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஒண்டிலயும் என்ர பேர் இல்லை" என்றேன், அவருக்குத் திரும்ப அழைத்து.

"மகளுக்கு எழுதினா உமக்கு எழுதினதுதானே?"

"அது எனக்குத் தெரியும். விசா ஒபிசுக்கு ஆர் சொல்லுறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அன்றிரவு சமைக்காமல் பாண் வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தோம்.

நத்தாருக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்க, பதினோராவது அட்டை வந்தது. அதே கறுப்புக் கண் பூ. உறையில் இருந்த பெயரை வாசித்த தபால்காரர், "இது ஆர்?" என்று கேட்டார். அவருக்கு என்னை மகளின் அம்மாவாகத்தான் தெரியும். "நான்தான்" என்று கை நீட்டி வாங்கினேன். உள்ளே இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். என் பெயரில் தொடங்கியிருந்தார்.

மறுநாள் அழைத்தார். இப்போது எழுதியது செல்லாதாம், கேட்டதற்காக எழுதியது என்று தள்ளிவிடுவார்களாம். ஆகவே பழைய பத்தையும், எங்கள் வழக்கத்தை விளக்கி மாதா கோயில் சுவாமியார் தந்த கடிதத்தோடு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. முன்னறையில் வெறுங்கயிறு கிடக்கிறது.

செல்லாத அட்டையை நான் கயிற்றில் போடவில்லை. அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

"அம்மா, அப்பா அதில என்ன எழுதியிருக்கிறார்?" என்று மகள் கேட்டாள்.

"உன்னையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்" என்றேன்.