காப்பாளரின் சொந்தக் கணக்கு

1. தெரேஸ் வந்த காலை

அன்று கவுன்ட்டர் திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவள் தெரேஸ். சைகோனில் எங்கள் வங்கியில் நெடுங்காலமாகக் கணக்கு வைத்திருந்த சவரிநாதன் ஐயாவின் ஒரே மகள். ஐயா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சைகோன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வியட்நாமியப் பெண், காலமாகிவிட்டார். தெரேஸுக்கு பிரெஞ்சும் வியட்நாமியமும்தான் தெரியும். தமிழ் வராது.

அப்பா கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றேன். அதுதான் விதி. ஐயாவுக்கு முந்தின வருடம் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. கோர்ட் அனுப்பிய டாக்டர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று தீர்ப்பானது. தெரேஸுக்கு அப்போது வயது நிரம்பவில்லை என்பதால் ஐயாவின் தம்பி அமலோரைக் காப்பாளராகப் போட்டார்கள். தீர்ப்பின் நகல் எங்களுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கில் செல்லும் கையெழுத்து அமலோருடையது மட்டும்தான்.

தெரேஸ் சத்தம் போடவில்லை. க்ளினிக்கில் பாக்கி நின்றுபோய் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். வங்கியில் இருந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சித்தப்பா சொல்கிறாராம். அது நிஜமா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

எனக்கு என்ன செய்வதென்றே விளங்கவில்லை. க்ளினிக் செலவுக்கென்று அமலோர் ரொக்கமாக எடுத்ததும் எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தொகைகளை எங்கள் வங்கியிலேயே இருந்த தன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டதும் தெரியும். முதல் மாற்று வந்தபோதே எங்கள் பிரிவின் ஷெஃப், அதாவது மேலதிகாரி, மொசியே தான் என்பவரிடம் போய்க் கேட்டிருந்தேன். கோர்ட்டே நம்பிக் கொடுத்த ஆளை நாம் சந்தேகப்பட்டால் நாளைக்கு எந்தக் காப்பாளர் நம்மிடம் வருவார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் அவர். அவர் சொன்னதும் அப்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. தெரேஸையும் விதியைச் சொல்லியே திருப்பி அனுப்பினேன்.

2. அமலோர்

அமலோரைக் கெட்டவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். கவுன்ட்டருக்கு வந்தால் என் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். அந்தப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு லாரி. வுங் டா கடற்கரையிலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றி சைகோன் சந்தைக்குக் கொண்டுவர. சாலையில் சண்டை நடந்த காலம் அது. லாரி போன நாளைவிட நின்ற நாள் அதிகம்.

தெரேஸ் வந்துபோன பிறகு அவரே என்னிடம் வந்தார்.

“அண்ணனே சொன்னதுங்க, மொசியே. படுக்குறதுக்கு முன்னாடி. நீ ஒரு தொழில் வையி, நான் பணம் தர்றேன்னு. லாரி ஓடுனா அதுலதான் அவரு வைத்தியமும் நடக்கும்னு நெனச்சேன்.”

அண்ணன் சொன்னதற்கு சாட்சி உண்டா என்று கேட்டேன். அண்ணன் தம்பி பேச்சுக்கு யார் சாட்சி வைப்பார்கள் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்பவரின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

3. கான் ஹொய் வீட்டில்

தெரேஸ் தனக்கு வயது நிரம்பியதும் ஒரு வக்கீலைப் பிடித்து, கோர்ட் வழியாகக் கணக்கின் நகலை வாங்கிப் பார்த்து வழக்குப் போட்டாள். சித்தப்பா மேல் மட்டும் இல்லை, வங்கி மேலும். வங்கிக்குள் எல்லோருக்கும் ஆச்சரியம். எடுத்தவர் அவர், நாம் என்ன செய்தோம் என்றார்கள்.

எங்கள் வக்கீலின் வாதம் இது. காப்பாளர் கோர்ட் ஆணையைக் காட்டிக் கேட்கிறார். வங்கி கொடுக்கத்தான் வேண்டும். அவர் அதை எப்படிச் செலவழிக்கிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது வங்கியின் வேலை இல்லை. அவள் வக்கீல் சொன்னது வேறு. வெளியே போய்ச் செலவழித்ததை வங்கி பார்த்திருக்க முடியாது, சரி. ஆனால் நோயாளியின் பணம் காப்பாளரின் சொந்தக் கணக்கில் விழுந்ததை வங்கி தன் கையாலேயே செய்தது; இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? இரண்டையும் கேட்டேன். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

ஐயாவின் நிலையை நேரில் பார்க்க வேண்டும் என்று எங்கள் வக்கீல் என்னையும் கூட்டிக்கொண்டு, துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வீடு. ஐயா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். வக்கீல் பிரெஞ்சில் பேசினார். பதில் இல்லை. வியட்நாமியத்தில் பேசினார். பார்வைகூடத் திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது; ஐயாவின் உதடு காய்ந்திருந்தது. யோசிக்காமல் என் வாயில் வந்தது:

“ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம்,” என்றார் ஐயா.

தெரேஸ் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல் வந்து. அது அவளுக்குத் தெரியாத மொழியில் வந்தது. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர் வேண்டாமாம் என்றேன். அவள் அழுதாள்.

பின்னால் ஒரு டாக்டரைக் கேட்டேன். மூளையில் அடிபட்டால் சிலருக்குப் படித்த மொழிகள் போய்க் குழந்தையில் பேசிய மொழி மட்டும் மிஞ்சுவது உண்டு என்றார். கோர்ட் டாக்டர் பிரெஞ்சில் மட்டும் கேட்டிருக்கிறார்.

எங்கள் வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பணத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றார். கேட்டேன்.

“ஐயா, உங்க பணத்த அமலோர் எடுத்தாரே, தெரியுமா உங்களுக்கு?”

என்னையே பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கினார்.

“தம்பி... குடு.”

அவ்வளவுதான். எத்தனை முறை கேட்டும் அதற்கு மேல் வரவில்லை.

வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? தம்பிக்குக் கொடு என்று சொல்ல வந்து, ‘க்கு’ என்ற உருபு நாக்கில் ஏறாமல் போயிருக்கலாம். நம் ஊரில் வயதில் சின்னவரை எல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். வங்கிக்காரனான என்னைப் பார்த்து, தம்பி, என் பணத்தைக் கொடு என்றிருக்கலாம். அங்கே இல்லாத அமலோரை நினைத்து, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றிருக்கலாம். மூன்றையும் சொன்னேன். வக்கீல் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டார். நான் மூன்றையும் எழுதச் சொன்னேன். ஒரு மனிதர் ஒரு வாக்கியத்தில் மூன்று அர்த்தமா சொல்வார் என்று எரிச்சல்பட்டார்.

வாசலில் தெரேஸும் அதையே கேட்டாள். எது சரி? எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் என்னை நம்பவில்லை. நான் வங்கியின் ஆள் அல்லவா?

4. தீர்ப்பு

விசாரணைக்கு முன் ஷெஃப் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அண்ணன் சம்மதித்தார் என்று ஆகிவிட்டால் வங்கிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். மிரட்டல் இல்லை. ஆனால் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன்.

நீதிபதி முன் மூன்று அர்த்தத்தையும் சொன்னேன். உங்களுக்கு எது தோன்றுகிறது என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்கும்போது ஒன்று, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் வேறொன்று என்றேன். ஐயாவையும் கொண்டுவந்திருந்தார்கள். என்னை விட்டே தமிழில் கேட்கச் சொன்னார் நீதிபதி. ஐயா அந்த மின்விசிறிகளையும் அங்கிகளையும் பார்த்து மிரண்டுபோயிருந்தார். “வீட்டுக்குப் போலாம்” என்று மட்டும் சொன்னார்.

தீர்ப்பு வந்தபோது நான் தூக்கம் கெட்டுக் கிடந்தது எல்லாம் வீணாகிவிட்டது. ஐயா சொன்னதற்கு என்ன அர்த்தமாக இருந்தாலும் வழக்குக்கு அது தேவையே இல்லை என்றார் நீதிபதி. சம்மதம் சொல்ல இயலாதவர் என்று கோர்ட் சொன்ன பிறகு அவர் சம்மதத்தை யாரும் காட்ட முடியாது. கவுன்ட்டரில் ரொக்கமாகக் கொடுத்ததற்கு வங்கி பொறுப்பில்லை. அது அமலோர் மட்டும் கட்ட வேண்டியது. அவருடைய சொந்தக் கணக்குக்கு மாற்றியதற்கு வங்கியும் சேர்ந்து பொறுப்பு. பார்த்தும் கேட்காமல் இருந்ததால். அமலோரை நீக்கிவிட்டு மகளையே காப்பாளராக்கினார்.

தமிழில் பதில் சொல்கிறாரே, அப்படியானால் அவர் இயலாதவர்தானா என்று எங்கள் வக்கீலைக் கேட்டேன். அது வேறு வழக்கு என்றார். அந்த வழக்கை யாரும் போடவில்லை.

அதைவிட எனக்குப் புரியாத ஒன்று உண்டு. அண்ணனுக்குத் தமிழ் மட்டும் மிஞ்சியிருப்பது அமலோருக்குத் தெரியாமலா இருந்தது? நேராகவே கேட்டேன்.

“வீட்டுல தமிழ் பேசுனா எங்கப்பா அடிப்பாரு. அம்மாகூட அடுப்படியில பேசுனதோட சரி. நாங்க ரெண்டு பேரும் பிரெஞ்சுலதான் பேசிக்குவோம். தமிழ்ல கூப்புட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

லாரியை விற்றுக் கொஞ்சம் கட்டினார். மாற்றிய தொகையில் மீதியை வங்கி கட்டியது. தெரேஸ் க்ளினிக் பாக்கியைத் தீர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவை வீட்டுக்கு வரச் சொன்னாள். எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். அப்பாவோடு அவர் மொழியில் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன். அமலோர் கஞ்சி ஊட்ட, ஐயா சிரித்த முகமாக இருந்தார். ஏமாற்றியவரும் ஏமாந்தவருமாகவே எனக்கு அவர்கள் தெரியவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தவன் நான்.

வங்கி வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். காப்பாளர் கேட்கும் பணம் காப்பாளரின் பெயருக்கே போகிறதென்றால் பேனாவைக் கீழே வையுங்கள். யாருக்காக என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கோர்ட்டுக்கு எழுதுங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், என்னால் முடிந்ததில்லை.

சில வருடம் கழித்து, புத்தி கலங்கிய கணவருக்குக் காப்பாளராக இருந்த ஓர் அம்மா அதே மாதிரி ஒரு மாற்றுக்கு வந்தார். கேட்டேன். இருபது வருடம் குடும்பம் நடத்தியவளைத் திருடி என்கிறீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுக் கணக்கை வேறு வங்கிக்குக் கொண்டுபோய்விட்டார். ஒரு நோயாளியைக் காப்பாற்றினேனா, ஒரு நல்ல மனைவியை அவமானப்படுத்தினேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் வேறு யார் வந்திருந்தாலும் அதே கேள்வியைக் கேட்டிருப்பேன்.