வேணாம் என்று சொன்ன கடை

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது உள் அறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. புது பிளாஸ்டிக் சூடேறினால் வருமே, கொஞ்சம் வார்னிஷ் மாதிரி, கொஞ்சம் கருகிய வேர்க்கடலை மாதிரி, அது. வேறு யாராக இருந்தாலும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் சாய்ந்திருப்பார்கள். எனக்கு அப்படி வராது. கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஜென்மம் நான். ஈரக் கையோடு உள்ளே ஓடினேன்.

அக்கா மகள் கயல்விழி புது கேமிங் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் மாறி மாறி எரிகிற விளக்குகள். அக்கா அதன் நெற்றியில் குங்குமம் வேறு வைத்திருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஒரு குறை தவிர. கயல் காலேஜ் தோழிகளோடு சேர்ந்து சுடுகிற ஆட்டம் ஆடுகிறாள். சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து மெஷின் பொட்டென்று அணைந்துவிடுகிறதாம். "நான் சாவுறது கூட பரவால்ல மாமா, எனக்கு முன்னாடி இது சாவுது" என்றாள்.

குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே செங்கல் நீளத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற பாகம் அதுதான், மெஷினிலேயே அதிகக் கரண்ட் குடிப்பதும் அதுதான். அந்த யானைக்குச் சோறு போட வேண்டிய பவர் சப்ளையோ, மூலையில் காலி டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு தகரப் பெட்டி. யார் இப்படிச் சேர்த்துக் கொடுத்தது என்று கேட்டேன். வெப்சைட்டில் தானே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக் வந்ததாம். வராமல் என்ன? மாவு மில் மோட்டாரை ஜீரோ வாட்ஸ் பல்பு ஒயரில் மாட்டினாலும் ஸ்க்ரூ பொருந்தத்தான் செய்யும். மாட்ட முடியும் என்பதற்குத்தான் அந்த டிக். ஓடும் என்பதற்கு இல்லை.

அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். தேன் ஒழுகுகிற குரலில் ஒரு பெண் பேசினாள். கஸ்டமர் செலக்ட் பண்ணதைத்தான் அனுப்பியிருக்கோம் சார் என்றாள். சரிம்மா, அந்தப் பொண்ணு தெரியாம செலக்ட் பண்ணிச்சு, இது வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "அந்த மாதிரி ஆப்ஷன் இல்ல சார்."

ஒரு வாரம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்தப் பெண்மேல் கோபமில்லை, அவள் என்ன செய்வாள், அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள். ஆனால் 'வேணாம்' என்று சொல்ல வழியே வைக்காமல் ஒரு கடையைக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஏனென்றால் நான் வேலை கற்ற கடையில் அதிகம் புழங்கிய சொல்லே அதுதான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தெருவில், பை விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நூரக்காவின் கம்ப்யூட்டர் கடை. நூர்ஜஹான் என்பது முழுப்பெயர். வீட்டுக்காரர் வெளிநாட்டில், சாமான் அனுப்புகிற தம்பி சென்னையில், கடையும் கோபமும் அக்காவிடம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லேத் பட்டறை, ரைஸ் மில் எல்லாம் சுற்றிவிட்டு, மீசை முளைத்த பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று அடிக்கிற சாயங்காலங்களில் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்தக் காற்றும் கடலோர உப்பும் சேர்ந்து கம்ப்யூட்டர் ரேமின் காலில் இருக்கிற பளபளப்பைக் கருக்கிவிடும். மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டு வந்து நிற்கும். அதற்கு வைத்தியம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரால் தேய்ப்பது. படிக்கிற காலத்தில் நான் பிடித்ததைவிட அந்தக் கடையில் பிடித்த ரப்பர்தான் அதிகம். படிக்கும்போது அழிக்கிற அளவுக்கு எதையும் எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

புது மெஷின் கேட்டு யாராவது படியேறி வந்தால் அக்கா விலை சொல்ல மாட்டாள். "நீ என்னா ஆடுவ?" என்றுதான் முதலில் கேட்பாள். பிறகு, எந்த அளவு ஸ்கிரீன், ரூமில் காற்று வருமா, கடலுக்குப் பக்கமா, கரண்ட் எப்படி வந்து போகும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் ஆரம்பிக்கும் எங்கள் கடையின் வழக்கம். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், ரேம், கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் டேபிளில் திறந்தபடி பரப்பி, ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு கம்பியைத் தொட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். வாங்குகிறவன் தன்னுடைய ஆட்டத்தைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து சாயங்காலம் வரை ஆட வேண்டும். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு, சுடுடா, ஒளிடா என்று யோசனை சொல்வார்கள். படம் திக்கினால் ரேமை மாற்றுவோம். கார்டு சும்மா உட்கார்ந்திருக்க பிராசஸர் மட்டும் மூச்சு வாங்கினால், கார்டைக் குறைத்துப் பிராசஸரைக் கூட்டுவோம். எல்லாம் ஒன்றுக்கொன்று இழுக்காமல் ஓடினால்தான் கேபினெட்டுக்குள் போகும். உடம்பு எப்படின்னு பாத்துட்டு சட்டை போடுவோம் என்பாள் அக்கா. அதுவரை எனக்குத்தான் உயிர் போகும். திறந்து கிடக்கிற போர்டுமேல் யாராவது டீயைக் கொட்டிவிடுவார்களோ என்று கையை நீட்டியபடியே நிற்பேன்.

பொருந்தாததைக் கேட்டால் அக்கா வாயில் வருவது ஒரே சொல். வேணாம். ஒருவர் ஒருநாள் கத்தினார், காசு என்து, கடை ஒன்து, குடுத்துட்டுப் போயேன், ஒனக்கு என்னா நஷ்டம் என்று. கெட்ட பேரு என்து என்றாள் அக்கா, தலையைத் தூக்காமலே.

இந்த இடத்தில் செல்வத்தைச் சொல்ல வேண்டும். அவனை நினைத்துத்தான் இவ்வளவு கோபமும்.

செல்வம் பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன், என் வயசு. சொந்தமில்லை, ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் அப்பாவுக்குக் கடலூர் துறைமுகத்தில் நிற்கிற ஒரு விசைப்படகில் பங்கு. செல்வத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு முகத்துவாரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். குப்பத்தில் அவனை விடுவார்களா? செல்வம் கூட வந்தா மீனுக்குத் தனியா இரை வேணாம் என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். ஆனால் என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னான், படகில் படுத்திருக்கும்போது தன் உடம்பு தன்னுடையதாகவே இல்லை என்று.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தபோது அப்பாவிடம் ஒரு வாய்ப்பு கேட்டான். சிதம்பரத்தில் மாணவர்கள் ரூம் எடுத்துத் தங்குகிற தெருவில் ஒரு கேமிங் சென்டர். நாலு மெஷின், நாலு நாற்காலி. தடைக்காலம் முடிவதற்குள் அது சொந்தக் காலில் நின்றுவிட்டால் அவன் கடலுக்குப் போக வேண்டாம். நிற்காவிட்டால் படகு. அப்பா ஒத்துக்கொண்டார்.

நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தான். வந்தவன் கேட்டது, இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு. மற்றதெல்லாம் சுமாராகப் போதும் என்றான். அவன் ஊர்க் கணக்கு அப்படி. போட்டியென்று வந்துவிட்டால் படகு பழசா புதுசா என்று யாரும் பார்ப்பதில்லை, யாருடைய எஞ்சின் பெரிசு என்பதுதான் பேச்சு. கார்டு பேரை போர்டில் எழுதி வெளியே மாட்டினால் பையன்கள் தானாக வருவார்கள் என்றான்.

"எஞ்சின் பெருசுதான்டா தம்பி, படகோட பின்பலகை தாங்குமா?" என்றாள் அக்கா. "பிச்சிக்கிட்டு தண்ணிக்குள்ள போயிடும்."

நடுத்தரக் கார்டு எடு, மிச்சத்தை பிராசஸருக்கும் ரேமுக்கும் பவர் சப்ளைக்கும் பிரித்துக் கொடு, இரண்டு நாள் இங்கேயே உட்கார்ந்து ஆடிப் பார் என்றாள். அவனுக்கு நாள் ஓடுகிற அவசரம். என்னைத் தனியாக இழுத்து, என்னா மச்சான் ஒங்க அக்கா, நான் பொண்ணா கேட்டேன், மெஷின் தானே கேட்டேன் என்றான். நானும் வேணாம்டா என்றேன். நீ எதுக்குத்தான் பயப்படல, லிஃப்ட்ல ஏறவே பயப்படுற ஆளு என்றான். அது உண்மைதான். அக்கா கடைசிவரை அந்த மாதிரி மெஷினை விற்க மறுத்துவிட்டாள். படி வரைக்கும் வந்து அவள் வேணாம்டா என்று கத்தியும் கேட்காமல், மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவன், வெளியூரில் புதிதாகத் திறந்த ஏசி ஷோரூமுக்குப் போனான். அங்கே ஒரு கேள்வி கேட்கவில்லையாம். கூல்டிரிங்ஸ் கொடுத்தார்களாம். சொன்னதைச் சொன்னபடி கட்டிக் கையில் கொடுத்து, திறந்தால் வாரண்ட்டி போய்விடும் என்று ஸ்டிக்கரும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

திறப்பு விழா அன்று தெருவே வந்தது. நாலு பேர் கொண்ட குழுக்களாக மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் குழு உட்கார்ந்தது. நாலு மெஷினும் ஒன்றாக எரிந்தபோது செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆட்டத்தில் சண்டை தொடங்கியதும் ஒன்று அணைந்தது. அதைத் திரும்பப் போடுவதற்குள் இன்னொன்று. "அண்ணே, இது கேமிங் சென்டரா, தீபாவளி சீரியல் செட்டா?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள், முதல் நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன ஒருவன் மட்டும் வந்தான்.

ஷோரூமுக்குப் போன் போட்டால் உங்க ரூம் கரண்ட் சரியில்லை என்றார்கள். ஒயரிங்கை மாற்றினான். ஸ்டெபிலைசர் போடுங்க என்றார்கள். போட்டான். ஏசி இல்லையா, அப்ப சூடாத்தான் செய்யும் என்றார்கள். தடைக்காலம் உருகிக்கொண்டே வந்தது. பெரிய கார்டை அந்தச் சின்ன பவர் சப்ளை தாங்கவில்லை என்ற ஒரு வரியை அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெரியாமலா இருந்திருக்கும்?

கடைசியில் வெட்கத்தை விட்டு எனக்குப் போன் செய்தான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் ஒரு பகல் முழுக்கத் தவித்துவிட்டுச் சொன்னேன். அவள் உடனே கடையைப் பூட்டினாள். புது பவர் சப்ளைகளையும் ரேம்களையும் மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். போனதும் அக்கா அந்த வாரண்ட்டி ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தாள். நான் பார்த்ததிலேயே அவள் அதிகக் கோபமாக இருந்தது அப்போதுதான், ஆனால் செல்வத்தின் மேல் இல்லை. பவர் சப்ளைகளை மாற்றினோம். ரேமைக் கூட்டினோம். சின்ன பிராசஸருக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்தின் செட்டிங்ஸுக்குள் போய்க் குறைக்க வேண்டியதைக் குறைத்தாள். பிறகு ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. தெருவில் ஒருவரும் இல்லை. செல்வம், அக்கா, நான், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் நாலு பேரும் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடினோம். அக்கா சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மெஷினும் திணறவில்லை.

அந்த நேரத்தில்தான் செல்வத்தின் அப்பா வந்தார். தடைக்காலம் அன்றோடு முடிந்திருந்தது. மகனுக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் கார் ஓடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலி காலியாகட்டும் என்று யாரும் வாசலில் நிற்கவில்லை என்பதையும் பார்த்திருப்பார்.

"நல்லாதான் ஓடுது" என்றார். அப்புறம், "நாளைக்கு படகுல ஐஸ் ஏத்துறோம். வந்துடு."

செல்வம் சரி என்றான். எழுந்து நாலு மெஷினையும் ஒவ்வொன்றாக ஷட் டவுன் செய்தான். அன்றைக்கு அதில் ஒன்றுகூடத் தானாக அணையவில்லை.

இப்போது நூரக்கா கடை இருந்த மாடியில் யாரோ யோகா சொல்லித்தருகிறார்கள். எல்லோரும் போனிலேயே சாமான் வாங்க ஆரம்பித்ததும், வந்தவர்களும் அவளிடம் யோசனை மட்டும் கேட்டுக்கொண்டு போனதும் சேர்ந்து கடையை மூட வைத்துவிட்டன. நூரக்கா தன் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறாள். நான் ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் வேலை பார்க்கிறேன். செல்வம் இன்னும் கடலுக்குத்தான் போகிறான்.

கயல் வீட்டிலிருந்து வந்த மறுநாள் மனசு கேட்காமல் துறைமுகத்துக்குப் போய் அவனைப் பார்த்து, இந்த ஆப்ஷன் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு ஒங்க நூரக்கா வேணாம்னு சொன்னா மட்டும் போதுமா மச்சான்? கதவ சாத்திட்டு என்னைய வெளிய விடாம இருந்திருக்கணும்" என்றான்.

நூரக்காவாவது படி வரைக்கும் வந்து கத்தினாள். கயல் போனில் அந்தக் கார்டை அழுத்தியபோது கட்டிலில் படுத்திருந்தாளாம். சாத்துவதற்கு அங்கே கதவும் இல்லை, கத்துவதற்கு ஆளும் இல்லை.