நைனாவின் காலுக்கு நான் வாங்கிய சோப்பு

எண்ணூரில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் கழிவுநீரின் பிஹெச் அளவை, அதாவது அமில காரத் தன்மையைப் பரிசோதிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

நெட்டுக்குப்பத்தில் இறால் பிடிக்கும் என் அப்பா, நான் நைனா என்று கூப்பிடுபவர், கரையேறியதும், தண்ணீரில் மிதந்து வந்து காலில் ஒட்டிய எண்ணெய்க் கறையைத் துணி சோப்பால் தேய்த்துக் கழுவுவார். கால் வெடித்து அரித்தது. கிருமித் தொற்று என்று நானே முடிவுகட்டி, கிருமி கொல்லும் சோப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்து, அடிக்கடி போடச் சொன்னேன்.

"பட்ச்ச பொண்ணு சொல்லுது, கரீட்டாத்தான் இருக்கும்" என்றார்.

வெடிப்பில் ரத்தம் கசிந்தது. அவரால் தண்ணீரில் இறங்கவே முடியவில்லை.

"தோல் லேசான அமிலத்தன்மை கொண்டதும்மா. துணி சோப்பும் காரம், நீங்க வாங்கினதும் காரம். ரெண்டும் சேர்ந்து தோலைக் கெடுத்துடுச்சு" என்றார் தோல் மருத்துவர்.

மறுநாள் ஆய்வகத்தில் அந்தச் சோப்பைக் கரைத்து பிஹெச் தாளை நனைத்தேன். நீலமாகிவிட்டது, காரம்தான். உறையில் மல்லிகைப் படம் இருக்கிறது, பால் படம் இருக்கிறது, பிஹெச் அளவு மட்டும் எங்குமே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. தினமும் கையில் வைத்திருக்கும் தாளை வீட்டுச் சோப்பில் நனைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லையே.

மருத்துவர் எழுதிக் கொடுத்த, காரமில்லாத சோப்பை நீட்டினேன். அப்பா ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நொரையே வர்ல. அதியும் நீதான் சொன்ன, இதியும் நீதான் சொல்ற."

இப்போதெல்லாம் எந்தச் சோப்பையும் அவர் கண்ணெதிரிலேயே கரைத்து, தாளை நனைத்துக் காட்டிய பிறகுதான் கொடுக்கிறேன்.