செவ்வாய், வெள்ளியில் காய்ச்சல் வராத ஊர்

வியாழன், காலை 6.40. மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, சென்னையிலிருந்து இரவெல்லாம் மடக்கியே வந்த கால்கள் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஐம்பத்தாறு வயதில், வீங்கின முட்டியோடு, ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் போகிறவளுக்கு ஜன்னலோரம் கிடைத்ததே பெரிது என்று சாய்ந்துகொண்டேன்.

போகிற காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பழைய நர்ஸ். இப்போது குழந்தைகளுக்கு வரும் தொற்றுகளைப் பற்றிய ஓர் ஆய்வில் சரிபார்ப்பாளர். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். திருச்சுழிப் பக்கத்தில் சில ஊர்களில், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மாதம் ஓர் அட்டை கொடுத்திருக்கிறோம். நாளுக்கு ஒரு கட்டம். பிள்ளை நன்றாக இருந்தால் தாய் அதில் வட்டம் போட வேண்டும். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்றால் பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்த வீட்டுக்குக் களப்பணியாளர் போய், பிள்ளையின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார். எந்தக் கிருமி என்றைக்கு வந்தது, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று பார்ப்பதற்காக. இதில் 'என்றைக்கு' என்பதுதான் உயிர்.

பதினொரு மாத அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். செல்வராணி என்ற களப்பணியாளரின் ஊர்களில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரு பிள்ளைக்குக்கூட காய்ச்சல் வரவில்லை. கிருமிகளுக்கு வார விடுமுறை கிடையாது. "அந்த ரெண்டு நாளும் வேலைக்கே போகாம, வீட்ல உக்காந்து இவளே வட்டம் போட்டிருக்கா" என்றார் எங்கள் மேலாளர். நேரில் போய்ப் பார்த்து, உண்மை என்றால் அடையாள அட்டை, போன், ஐஸ் பெட்டி மூன்றையும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். பணிநீக்கக் கடிதம் கையெழுத்தாகி என் பையில் இருந்தது. தேதி மட்டும் நான் போட வேண்டும்.

காரியாபட்டி தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. சாலைக்கு இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். இடையிடையே உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கும் நிலம். தண்ணீரில்லாத ஒரு கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பகல் 1.15. அருப்புக்கோட்டையில் அறுநூறு ரூபாய் லாட்ஜில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு, திருச்சுழி டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் உரப்பையை வைத்துக்கொண்டு என் பையையே பார்த்தார்.

"ஊசி போட வந்திருக்கீகளா?"

"இல்லைங்க. பிள்ளைகளுக்கு வர்ற காய்ச்சலைக் கணக்கெடுக்கிறோம். அதைச் சரிபார்க்க வந்தேன்."

"அதுல என்னத்தக் கணக்கெடுக்க? வருது, போகுது" என்றார் அவர். எங்கள் ஆய்வுத் திட்டத்தின் நாற்பது பக்க முன்னுரைக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்புரை நான் கேட்டதில்லை.

திருச்சுழி பஸ் நிறுத்தத்தில் செல்வராணி ஸ்கூட்டியோடு நின்றாள். முப்பது வயது இருக்கும். பெற்றோர் காட்டு வேலைக்குப் போனவர்கள். குடும்பத்தில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் இவள்தான். கணவர் திருப்பூரில் வேலை இல்லாமல் திரும்பி வந்தபின், இரண்டு பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் இவள் சம்பளத்தில்தான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுக்குப் பயிற்சி கொடுத்ததே நான்தான்.

"வாங்க மேடம். முட்டி எப்படி இருக்கு?" என்றாள். பதினொரு மாதத்துக்கு முன்னால் பயிற்சி வகுப்பில் நான் நாற்காலியைத் தேடித்தேடி உட்கார்ந்ததை நினைவு வைத்திருக்கிறாள். பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. "பரவாயில்லை" என்றேன்.

வெள்ளி, காலை 8.30. நரிக்குடி சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போய் இடப்பக்கம் திரும்பினால் அந்த ஊர். பெயரை எழுதக் கூடாது என்பது ஆய்வின் விதி. செல்வராணியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வாசலெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம். பெண்கள் தலை குளித்து ஈரத்துண்டோடு திரிந்தார்கள். வெள்ளிக்கிழமையில் வேலைக்கே வராதவள் என்று சொல்லப்பட்ட செல்வராணியை, ஒவ்வொரு வீட்டிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேலாளரின் கணக்கு அங்கேயே பாதி இடித்தது.

நான்காவது வீடு கவிதாவுடையது. இருபத்து மூன்று வயது, ஒன்றரை வயது மகன் தோளில் சுருண்டு கிடந்தான். மூக்கு ஒழுகியது. கண் திறக்கவில்லை. நான் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது.

"காய்ச்சல் எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம். நல்லா இருக்கான்."

சொல்லிவிட்டு, காலண்டர் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து, என் கண்ணெதிரே வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருடம் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்த கை இது. வாயைத் திறக்கப்போனேன். செல்வராணி முந்திக்கொண்டாள்.

"தம்பிக்கு எடை பாத்து நாளாச்சே கவிதா. ஆஸ்பத்திரியில சிஸ்டர் இருக்காக. பாத்துட்டு வந்துருவமா?"

"இந்தா வாரேன்க்கா" என்றாள் கவிதா. உள்ளே போகக்கூட இல்லை. கதவுக்குப் பின்னால் கூடையில் மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தன.

ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். சிஸ்டர் எடை போட்டார். கேட்காமலே அக்குளில் தெர்மாமீட்டரையும் வைத்தார். நூற்றிரண்டு. டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தார். கவிதா அதை வாங்கி, அங்கேயே முதல் வேளையைப் புகட்டினாள். யாரும் காய்ச்சல் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. நான் ஒருத்திதான் அந்த இடத்தில் விவரமில்லாதவளாக நின்றுகொண்டிருந்தேன்.

பகல் 11.30. கவிதாவை வீட்டில் விட்டுவிட்டு, கண்மாய்க்கரை டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை பதினைந்து ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள்.

"செவ்வா, வெள்ளியில வீட்ல நோவுன்னு வாயால சொல்ல மாட்டாக மேடம்" என்றாள் செல்வராணி. "சொன்னா அது தங்கிரும்பாக. எழுதுறது அதவிட மோசம். அதான் வட்டம். ஆனா பிள்ளையப் பாக்காம விட்டுற மாட்டாக. பேரச் சொல்லாமக் கூப்புட்டா வந்துருவாக. புதனும் சனியும் தன்னால பெருக்கல் போட்டுருவாக."

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொத மாசமே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்கதான மேடம் சொன்னீக, தாய் போட்டதுல நம்ம கை வைக்கக் கூடாதுன்னு. நான் கை வைக்கல. என்னைக்குப் போடுவாக, என்னைக்குப் போட மாட்டாகன்னு ஆபீசுல யாரும் கேக்கவும் இல்ல."

உண்மைதான். அந்த விதியைப் பயிற்சிக் கையேட்டில் எழுதியவள் நான். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்து எழுதினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்னுடையது, பழி மட்டும் அவள் தலையில். கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். டீ ஆறிப்போனது. பிறகு எழுந்து போய், ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலிருந்து, மகளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். வரி வரியாக எழுதியிருந்தது: கிணத்து வீடு, செவ்வாய் மதியம் சூடு. மாடி வீட்டுப் பாப்பா, வெள்ளி விடியல் இருமல். பதினொரு மாதமும் விடாமல்.

"புதன், சனியில போறப்ப எப்பருந்துன்னு கேப்பேன். அப்ப உள்ளதச் சொல்லிருவாக. தப்பாப் போகுதேன்னு மனசு கேக்கல, எழுதிவச்சேன்" என்றாள். கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதக் காட்டுனாலும் வேல போயிரும்னு தெரியும்" என்றாள்.

அதுவும் என் விதிதான். அட்டையிலும் போனிலும் தவிர, பிள்ளைகளின் நோய் விவரத்தை வேறெங்கும் எழுதி வைத்தால் அன்றோடு வேலை இல்லை. அந்த நோட்டை மறைத்தால் அவள் பொய்க்காரி. காட்டினால் விதியை மீறியவள். சாயங்காலம் சுகாதார நிலையத்துக்குத் திரும்பிப் போய், நோட்டில் இருந்த சில தேதிகளை அங்கிருந்த பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் ஒத்துப்போயின. அன்றிரவு லாட்ஜில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனி, காலை 9. கவிதா வீட்டு வாசலில் ஏறும்போதே அட்டை கைக்கு வந்தது. சனிக்கிழமைக் கட்டத்தில் பெருக்கல்.

"நேத்து விடியக்காலமே சுட ஆரம்பிச்சிருச்சு மேடம். மூணு மணி இருக்கும்" என்றாள், நேற்று என்னிடம் எதையுமே மறைக்காதவள் மாதிரி. பையன் இன்று கண்ணைத் திறந்து என்னை முறைத்தான். செல்வராணி மடியில் போட்டு, அவன் அலறுவதற்குள் தொண்டையில் தடவி எடுத்துவிட்டாள்.

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் செய்தேன். கிழமை விஷயத்தைச் சொன்னேன். அப்படியானால் வாரத்தில் இரண்டு நாள் விவரமே கிடையாதே, இந்த ஊர்களையே ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

"விவரம் இருக்கு சார். நோட்டுல இருக்கு."

"நோட்டா? யாரைக் கேட்டு எழுதினா?"

செல்வராணி பஞ்சுக்குச்சிக் குழாயில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது.

"என்னைக் கேட்டுத்தான். பயிற்சி நேரத்துலயே நான்தான் எழுதச் சொன்னேன். உங்ககிட்ட அனுமதி வாங்க மறந்துட்டேன்."

இனி விளக்கம் கேட்டு எனக்குத்தான் கடிதம் வரும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, குத்திக் குடைந்தால் குடையட்டும். பொய் எழுதியவளைத் தேடி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, கடைசியில் நான் ஒரு பொய்யைப் பதிவு செய்துவிட்டுத் திரும்புகிறேன். வருத்தமாக இல்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பகல் 12.20. திருச்சுழி நிறுத்தத்தில் அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. நோட்டு என் பையில். கடிதத்தை நாலாய்க் கிழித்தாகிவிட்டது. படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து செல்வராணி கையைத் தாங்கிக்கொண்டாள்.

"முட்டி எப்படி மேடம் இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். சென்னையில் ஏழு நாளும் எல்லோரிடமும் சொல்கிற பதில்தான் அது. வீட்டில்கூட யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

அவள் கையை விடவில்லை. "இன்னைக்கு சனிக்கெழம மேடம்" என்றாள்.

"வலிக்குது செல்வராணி" என்றேன். "ரொம்ப வலிக்குது."